நிக்டோ: 31-ஆம் பக்கத்தில் ஒளிந்திருந்த இலவசக் கருவி

கொழும்பு, புறக்கோட்டை மலிபன் வீதியில் கடதாசியும் காகிதாதிகளும் மொத்தமாக விற்கிற கடை எங்களுடையது. எங்களுடையது என்றால் முதலாளியுடையது. நான் கணக்கு எழுதுகிறவன். பிரிண்டரில் கடதாசி இறுகினால் என்னைத்தான் கூப்பிடுவார்கள். அந்த வழியில் மாடியில் தூசிக்குள் இருக்கிற சேர்வரும் காலப்போக்கில் என் தலையில் வந்து விழுந்தது. ஹட்டன், வவுனியா, மட்டக்களப்புக் கடைக்காரர்கள் ஓடர் போடுகிற இணையத்தளம் அதில்தான் ஓடுகிறது.

2023-இல் பெரிய வாடிக்கையாளர் ஒருவர், "உங்கட தளம் பாதுகாப்பானது எண்டு ஒரு அறிக்கை தாருங்கோ, இல்லாட்டி நாங்கள் ஒப்பந்தம் புதுப்பிக்க மாட்டம்" என்று சொல்லிவிட்டார். முதலாளி ஒரு கம்பனியைப் பிடித்தார். பெயர் வேண்டாம். ஒரு லட்சத்து இருபதாயிரம் ரூபா. பத்து நாளில் 42 பக்கத்தில் வர்ண வட்டப் படங்களோடு அறிக்கை வந்தது. முதலாளி படங்களைப் பார்த்தார், 'உயர் ஆபத்து: 0' என்ற வரியைப் பார்த்தார், சந்தோஷமாக மூடி வைத்தார். காசு கட்டிய பில்லை கோப்பில் போட வேண்டியிருந்ததால் நான் மட்டும் கடைசிவரை வாசித்தேன்.

31-ஆம் பக்கத்தில், 'குறைந்த ஆபத்து' என்ற தலைப்பின் கீழ், ஒரு ஆங்கில வாக்கியம் இருந்தது. உங்கள் சேர்வர் தன் உள் முகவரியை, பதிலின் தலையில் போகிற லொகேஷன் ஹெடர் என்ற வரியில் வெளியே சொல்லக்கூடும் என்பது அதன் கருத்து. பக்கத்தில் மதிப்பு: 192.168.10.12. அது எங்கள் மாடிச் சேர்வரின் முகவரியேதான். வெளியில் இருந்து பார்த்தவனுக்கு அது எப்படித் தெரிந்தது என்று நான் யோசித்தது ஒரு பக்கம். அதைவிட என்னை உறுத்தியது அந்த வாக்கியம். நடுவில் ஒரு சொல் விடுபட்டிருந்தது. 'டு' என்று வந்து உடனே 'வித்' என்று தொடர்கிறது. எதற்கு அனுப்பிய கோரிக்கை என்பது இல்லை. கணக்கு எழுதுகிறவனுக்கு விடுபட்ட சொல்லும் கூட்டுப்பிழையும் ஒன்றுதான், கண்ணில் குத்தும். அந்த வாக்கியத்தை அப்படியே தேடிப் பார்த்தேன். அதே பிழையோடு, அதே வாக்கியம், உலகம் முழுக்கக் கிடந்தது. எல்லாம் நிக்டோ என்ற கருவியின் வாயில் இருந்து வந்தவை.

நிக்டோ, வெப்சேர்வரில், அதாவது தளத்தை உலாவிக்கு எடுத்துக் கொடுக்கிற மென்பொருளில், பலவீனம் தேடுகிற சோதனைக் கருவி. கிறிஸ் சல்லோ என்பவர் 2001 டிசம்பரில் வெளியிட்டது. பேர்ல் மொழியில் எழுதப்பட்டது, திறந்த மூலம், காசு இல்லை. பாதுகாப்புச் சோதனைக்காரர்கள் பாவிக்கிற காளி லினக்ஸில் கூடவே வரும். உபுண்டு லினக்ஸில் ஒரே கட்டளையில் இறங்கும். அதாவது நாங்கள் காசு கொடுத்து வாங்கிய அறிக்கையில் ஒரு பகுதியாவது, ஒரு பெடியன் பிளேன்டீ குடிக்கிற நேரத்தில் ஓட விட்டு, ஒட்டி, வட்டப் படம் வரைந்தது. ஏமாற்று என்று சொல்ல மாட்டேன். கத்தி இலவசமாகக் கிடைத்தாலும் சத்திரசிகிச்சைக்குக் காசு கேட்கலாம்தானே. ஆனால் அந்த வாக்கியத்தை ஒருமுறை வாசித்தாவது பார்த்திருக்கலாம்.

முதலாளியிடம் சொன்னேன். "சும்மா குடுக்கிறாங்களோ? அப்ப அதை எப்பிடி நம்புறது?" என்றார். புறக்கோட்டையில் நாற்பது வருஷம் வியாபாரம் செய்த மனிதர் வேறு எப்படிக் கேட்பார்.

சரி, நானே ஓட்டிப் பார்ப்போம் என்று ஒரு சனிக்கிழமை பின்னேரம், கடை பூட்டிய பிறகு, மூட்டை சுமக்கிற நாட்டாமிகள் வண்டிகளைச் சுவரோடு சாத்திவிட்டுப் போன நேரத்தில், வெள்ளவத்தை வீட்டில் இருந்து எங்கள் தளத்தை நோக்கி விட்டேன். நிக்டோவுக்குப் படம், பொத்தான், அழகான திரை எதுவும் இல்லை. கறுப்புத் திரை, தளத்தின் பெயர், அவ்வளவுதான். வரி வரியாகக் கூட்டல் குறியோடு வந்து விழும். எங்கள் தளத்துக்கு எட்டாயிரத்துக்குக் கிட்ட கோரிக்கை அனுப்பியது. அரை மணித்தியாலத்துக்கு மேல் எடுத்தது. அந்த வரியும் வந்தது, விடுபட்ட சொல்லோடு.

அந்த ஒரு வரியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நான் நிக்டோவுக்குக் கொடுக்கிற நட்சத்திரங்களில் பாதி அதற்குத்தான்.

உலாவி ஒரு தளத்தைக் கேட்கும்போது 'இன்ன பெயருள்ள தளம் வேண்டும்' என்று ஹோஸ்ட் என்ற வரியில் சொல்லும். உலாவியும் சேர்வரும் பேசுகிற பாஷையான எச்.டி.டி.பி.யின் 1.1 பதிப்பு வந்த பிறகு அது கட்டாயம். அதற்கு முந்திய 1.0-இல் கட்டாயம் இல்லை. நிக்டோ என்ன செய்கிறது என்றால், வேண்டுமென்றே பழைய 1.0 பாஷையில், பெயர் சொல்லாமல், 'இமேஜஸ்' என்ற அடைவைக் கேட்கிறது, கடைசிச் சாய்கோடு இல்லாமல். அப்படி ஒரு அடைவு உண்மையிலேயே இருந்தால் சேர்வர், 'அது அடைவு, சாய்கோட்டோடு வா' என்று முழு முகவரி எழுதித் திருப்பி அனுப்பும். முழு முகவரிக்குப் பெயர் வேண்டும். வந்தவன் பெயர் சொல்லவில்லை. சேர்வரே தன் பெயர் என்ன என்று தன்னைத்தானே கேட்கிறது. தெரியாவிட்டால் தன் ஐ.பி. எண்ணை எழுதிவிடும். ரவுட்டருக்குப் பின்னால் இருக்கிற சேர்வருக்குத் தெரிந்த எண் உள்ளே இருக்கிற 192.168 எண்தான். மரியாதையாக அதை எழுதி வாசலில் நின்றவனிடம் கொடுத்துவிடுகிறது.

இந்தக் கதை பழையது. நிக்டோ அந்த வரியோடு காட்டுகிற எண் சி.வி.இ.-2000-0649. தெரிந்த பாதுகாப்பு ஓட்டைகளுக்கு உலகப் பொதுவாகக் கொடுக்கிற இலக்கம்தான் சி.வி.இ. இந்த எண் மைக்ரோசொஃப்ட்டின் ஐ.ஐ.எஸ். 4.0 என்ற வெப்சேர்வர் பற்றியது. அறிக்கையில் அந்த எண்ணைப் பார்த்த எங்கள் கடைத் தம்பி ஒருவன், "அண்ணா, எங்களிட்ட விண்டோஸ் சேர்வரே இல்லையே, இது பிழையான ரிப்போர்ட்" என்றான். எங்களுடையது உபுண்டுவில் ஓடுகிற அப்பாச்சி என்ற வெப்சேர்வர். ஆனால் வழக்கம் ஒன்றுதான், பெயர் தெரியாத எந்தச் சேர்வரும் இதைச் செய்யக்கூடும். நிக்டோ இதை விளக்காது. எண்ணைக் காட்டிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடும்.

அப்பாச்சி ஏன் பெயர் தெரியாமல் இருந்தது? இதைக் கண்டுபிடித்தபோது எனக்கு வெட்கமாகிவிட்டது. அப்பாச்சியை மறுதொடக்கம் செய்யும்போதெல்லாம் ஏ.எச்.00558 என்று ஒரு எச்சரிக்கை வரும்: சேர்வரின் முழுப் பெயரை உறுதியாகக் கண்டுபிடிக்க முடியவில்லை, இன்ன எண்ணை வைத்துக்கொள்கிறேன், சேர்வர்நேம் என்ற வரியைப் போடுங்கள் என்று. அப்பாச்சி வைத்திருக்கிற எவரும் அதைப் பார்த்திருப்பார்கள், எவரும் வாசித்திருக்க மாட்டார்கள். நான் மூன்று வருஷமாக அதைப் பார்த்து, 'ஓடுகிறதுதானே' என்று விட்டிருக்கிறேன். பெரும்பாலான உபுண்டுக்களில் அந்த எண், மெஷின் தன்னையே குறிக்கிற 127.0.1.1 ஆக இருக்கும். அது வெளியே போனாலும் 'இது டெபியன் குடும்பத்து (உபுண்டுவின் மூலமான லினக்ஸ்) மெஷின்' என்பதற்கு மேல் ஒன்றும் சொல்லாது. எங்கள் மெஷினில் யாரோ ஒரு காலத்தில், பெயருக்கு எண் எழுதி வைக்கிற ஹோஸ்ட்ஸ் கோப்பில் அதை அழித்து உண்மையான உள் முகவரியைப் போட்டிருக்கிறார்கள். யாரோ என்ன, நானாகவும் இருக்கலாம். இயல்புத் தளத்தின் கோப்பில் சேர்வர்நேம் வரி முன்னால் ஒரு '#' குறியோடு தூங்கிக்கொண்டிருந்தது. குறியை எடுத்து, எங்கள் தளத்தின் பெயரைப் போட்டேன். அதே வரியை அப்பாச்சியின் பொது அமைப்பிலும் சேர்த்தேன். எச்சரிக்கையும் போனது, ஒழுக்கும் போனது.

இப்போது நியாயமான கேள்வி: 192.168.10.12 என்று வெளியே தெரிந்தால் என்ன குடிமுழுகிப் போகிறது? 1996-இல் வந்த ஆர்.எஃப்.சி. 1918 என்ற இணைய விதிமுறை ஆவணத்தின்படி 10, 172.16 முதல் 172.31 வரை, 192.168 எனத் தொடங்கும் எண்கள் தனி வலைகளுக்கு ஒதுக்கப்பட்டவை. இணையத்தில் அந்த எண்ணுக்கு யாரும் வர முடியாது. கொழும்பில் பாதி வீட்டு ரவுட்டர் 192.168.1.1-தான். அதனால்தான் 'குறைந்த ஆபத்து'.

எனக்கு அந்த மதிப்பீடு சரியாகப் படவில்லை. ஒரு சிநேகிதனிடம் சொல்லி, முதலாளியின் சம்மதத்தோடு, கடைக்கு ஒரு கோல் எடுக்கச் சொன்னேன். அவன் எடுத்தான். முன் மேசை அக்கா பேசினார். "அக்கா, லைன் பக்கத்தில இருந்து கதைக்கிறன். உங்கட மாடியில இருக்கிற 192.168.10.12 மெஷினில இருந்து ட்ரஃபிக் கூட வருது. ரவுட்டரை ஒருக்கா பாக்கோணும்." அக்கா மேலே பார்த்தார், சேர்வரில் நான் ஒட்டி வைத்திருந்த ஸ்டிக்கரில் அதே எண். மேலதிகமாக ஒரு வார்த்தை கேட்காமல் ரவுட்டரின் அடியில் எழுதியிருந்த பாஸ்வேர்டை வாசித்துக் கொடுத்தார். மூன்று நிமிஷம் ஆகவில்லை. அக்காவைப் பிழை சொல்ல முடியாது. மலிபன் வீதியில் புதிய நாட்டாமி ஒருவன் வந்து, 'பின் ஒழுங்கையில் இரண்டாவது கூடத்தில் ஏ4 பெட்டி இருபது' என்று சொன்னால் நாங்களும் திறந்துதான் விடுகிறோம். உள்விஷயம் தெரிந்தவன் உள் ஆள் என்று நினைப்பது இந்த வீதியின் சுபாவம்.

ஸ்டிக்கரை அன்றைக்கே கிழித்தேன்.

கருவிக்கு வருவோம். நிக்டோவின் பெரிய குறை, அதற்குக் குரல் ஒன்றுதான். எல்லாவற்றையும் ஒரே சத்தத்தில் கத்தும். எக்ஸ்-ஃபிரேம்-ஒப்ஷன்ஸ் இல்லை என்று ஒரு வரி, இன்னொரு ஹெடர் இல்லை என்று ஒரு வரி, அதே தொனியில் உங்கள் உள் முகவரி வெளியே என்று ஒரு வரி. 'ஈடாக் வழியாக ஐநோட் எண் கசியலாம்' என்ற வரி எங்களுக்கும் வந்தது. ஈடாக் என்பது கோப்பு மாறியதா என்று பார்க்க அனுப்புகிற அடையாளம், ஐநோட் என்பது வட்டில் அந்தக் கோப்பின் இலக்கம். இந்தக் கசிவு 2003-ஆம் ஆண்டின் விஷயம். அப்பாச்சி 2.4-இல் இயல்பு அமைப்பில் ஐநோட்டே இல்லை. நிக்டோ ஈடாக்கின் வடிவத்தைப் பார்த்து ஊகிக்கிறது, ஊகம் பிழைக்கிறது. முதல் தடவை ஓட்டியபோது எனக்கு வந்த வரிகளில் நான் கையை வைத்து ஏதாவது செய்தது இரண்டுக்கோ மூன்றுக்கோதான். ட்யூனிங் என்ற தெரிவில் 3 என்று கொடுத்தால் தகவல் கசிவுச் சோதனைகளை மட்டும் பார்க்கும். நான் இப்போது அப்படித்தான் ஓட்டுகிறேன். சத்தம் பாதியாவது குறையும்.

இரண்டாவது தடவை அது உண்மையிலேயே காப்பாற்றியது. 2024 நடுப்பகுதியில் அந்தக் கடைத் தம்பி, இலவசச் சான்றிதழ், வேகம் என்று ஏதேதோ சொல்லி, அதே மெஷினில் அப்பாச்சிக்கு முன்னால் எஞ்சின்எக்ஸ் என்ற இன்னொரு வெப்சேர்வரை வைத்தான். வேலை வடிவாகச் செய்திருந்தான், நானும் பாராட்டினேன். பழக்கத்தில் நிக்டோவை ஒருமுறை விட்டேன். அப்பாச்சி தன் நிலவரத்தைக் காட்டுகிற சேர்வர்-ஸ்டேட்டஸ் பக்கம் திறந்திருக்கிறது என்றது.

நம்பவில்லை. உபுண்டுவில் அந்தப் பக்கத்துக்கு 'ரிக்வயர் லோக்கல்' என்ற காவல் இயல்பாகவே உண்டு. அதே மெஷினில் இருந்து கேட்டால் மட்டுமே காட்டும். உலாவியில் அடித்துப் பார்த்தேன். திறந்தது. அந்த நிமிஷத்தில் எந்தக் கடைக்காரர் எந்த ஓடர் பக்கத்தில் நிற்கிறார், ஓடர் இலக்கம் என்ன, எல்லாம் அட்டவணையாக. இன்னொரு நிரலில் தளங்களின் பெயர்கள். அதில் நாங்கள் உள்ளுக்குள் மட்டும் பாவிக்கிற கணக்குத் தளத்தின் பெயரும் இருந்தது. வெளியே எவருக்கும் அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே முதலாளியின் மகன் அதில் சம்பளப் பக்கத்தைத் திறந்தது ஒரு வரியாக வந்தது.

காரணம் இலேசானது, அதனால்தான் யாருக்கும் தோன்றுவதில்லை. வெளியில் இருந்து வருகிற எல்லாக் கோரிக்கையையும் இப்போது எஞ்சின்எக்ஸ் வாங்கி, அதே மெஷினுக்குள் இருந்து அப்பாச்சியிடம் கொடுக்கிறது. அப்பாச்சியின் கண்ணுக்கு உலகத்தில் உள்ள எல்லோரும் 127.0.0.1, அதாவது இதே மெஷின். எல்லோரும் வீட்டுக்காரர். காவல்காரன் ஒழுங்காக நிற்கிறான், ஆனால் வருகிறவர்கள் எல்லோரும் முதலாளியின் சட்டையைப் போட்டுக்கொண்டு வருகிறார்கள். எஞ்சின்எக்ஸில் அந்தப் பாதையை மூடி, அப்பாச்சியில் அந்த மொடியூலையே நிறுத்திவிட்டோம். எங்களுக்கு அது தேவையும் இல்லை. இந்த ஒன்றுக்காகவே நிக்டோவுக்கு நான் காசு கொடுத்திருப்பேன். வாங்குவதற்குத்தான் ஆள் இல்லை.

ஆனால் எங்களிடம் இருந்த மிகப் பெரிய ஓட்டையை நிக்டோ கடைசிவரை காணவே இல்லை. அந்தக் கம்பனியும் காணவில்லை. கண்டது ஹட்டன் கடைக்காரர் ஒருவர். அவருக்கு வழிவிட்டது ஒரு குரங்கு.

2025 பெப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை. பாணந்துறை உபமின்நிலையத்தில் குரங்கு பாய்ந்து நாடு முழுக்கக் கரண்ட் போன நாள். பின்னேரம் கரண்ட் வந்தது. மாடிச் சேர்வர் தானாக எழும்பியது. டேட்டாபேஸ் இருக்கிற மெஷின் பழைய கணக்கு மெஷின். யாராவது பொத்தானை அமத்தினால்தான் எழும்பும். ஞாயிற்றுக்கிழமை அமத்த யார் இருக்கிறார்கள்? இரவு எட்டரைக்கு ஹட்டனில் இருந்து வாட்ஸப்பில் ஒரு படம். "அண்ணே, ஓடர் போட போனா இப்புடி வருது, என்னான்னு பாருங்க."

படத்தில், எங்கள் தளம் எழுதப்பட்ட மொழியான பி.எச்.பி.யின் பிழைச் செய்தி. டேட்டாபேஸோடு இணைய முடியவில்லை என்பதைச் சொல்லிவிட்டு, எந்தக் கோப்பு, எந்த வரி, எந்தக் கட்டளை, அந்தக் கட்டளைக்கு என்னென்ன கொடுக்கப்பட்டது என்று முழு வரலாறு. எங்கள் பி.எச்.பி. 7.2, 2020-இலேயே ஆதரவு முடிந்த பதிப்பு. அது பிழைப் பாதையில் ஒவ்வொரு சொல்லையும் பதினைந்து எழுத்தோடு வெட்டும். முகவரிக்கு முன்னால் 'mysql:host=' என்று பதினொரு எழுத்து நின்றதால் டேட்டாபேஸ் மெஷினின் முகவரி '192.' என்பதோடு நின்றுவிட்டது. முகவரி தப்பியது! பக்கத்தில் பயனர் பெயர், அதற்குப் பக்கத்தில் பாஸ்வேர்ட். இரண்டும் பதினைந்து எழுத்துக்குள் அடங்கியவை. முழுசாக இருந்தன. பாஸ்வேர்ட் முதலாளியின் மகளின் பெயரும் அவர் பிறந்த வருஷமும். மூன்று வருஷமாக எனக்குத் தெரிந்த பாஸ்வேர்டை ஹட்டன் கடைக்காரர் எனக்கு அனுப்பி வைத்திருக்கிறார்.

நான் வெள்ளவத்தையில் இருந்து ஓட்டோ பிடித்துப் புறக்கோட்டைக்கு ஓடினேன். உபுண்டு இயல்பாக பி.எச்.பி. பிழைகளைத் திரையில் காட்டாது. தளத்தைக் கட்டித் தந்தவர் வேலை பார்ப்பதற்காக அதைத் திறந்து விட்டு, மூட மறந்து போயிருக்கிறார். நிக்டோ பார்த்த நாளெல்லாம் டேட்டாபேஸ் ஓடிக்கொண்டிருந்தது. ஓடுகிற தளம் பிழைச் செய்தி காட்டாது. நிக்டோ வாசலைத் தட்டிப் பார்க்கும், தெரிந்த பெயர்களைக் கூப்பிட்டுப் பார்க்கும். உள்ளே ஒருவருக்கு நோய் வந்தால் வீடு என்ன உளறும் என்று அதற்குத் தெரியாது. இதை அதன் குறை என்று எழுதலாமா என்று யோசித்தேன். கருவியின் குறை இல்லை, ஆனால் அதை ஓட்டிவிட்டு 'உயர் ஆபத்து: 0' என்று எழுதுகிறவர்களின் குறை.

பாவிக்க நினைக்கிறவர்களுக்கு இரண்டு விஷயம். இது ஒளிந்து வேலை செய்கிற கருவி இல்லை. எங்கள் சேர்வர் பதிவில் அது தட்டிப் பார்த்த ஆயிரக்கணக்கான வரிகள் கிடந்தன. ஆகவே அடுத்தவன் தளத்தில் விளையாட்டாக ஓட்டாதீர்கள். இலங்கையில் 2007-ஆம் ஆண்டின் 24-ஆம் இலக்கக் கணினிக் குற்றச் சட்டம் இருக்கிறது, நான் ஆர்வத்தில் பார்த்தேன் என்பதெல்லாம் பதில் ஆகாது. உங்கள் சேர்வராகவே இருந்தாலும் முதலாளியிடம் எழுத்தில் ஒரு வரி வாங்கிக்கொள்ளுங்கள். மற்றது, வீட்டில் இருந்து, வெளி இணைப்பில் ஓட்டுங்கள். கடைக்குள் இருந்து ஓட்டினால் உள் முகவரி தெரிகிறது என்று நீங்களே உங்களைப் பயப்படுத்திக்கொள்வீர்கள். நான் ஒருமுறை அப்படி அரை நாள் வீணாக்கினேன்.

ஐந்துக்கு மூன்றரை. எண்களுக்கும் ஹெடர்களுக்கும் பயப்படாதவர் கையில் நான்கு. அறிக்கையில் ஒட்டி விற்கிறவர் கையில் ஒன்று.

இந்த வருஷத்துக்கான கோட்டேஷனை அந்தக் கம்பனி போன மாதம் அனுப்பியது. ஒன்றரை லட்சம். முதலாளி என்னிடம் தந்தார். நான் ஒரே ஒரு கேள்வி எழுதி அனுப்பினேன்: சோதிக்கிற நாளில் எங்கள் டேட்டாபேஸ் மெஷினை அரை மணித்தியாலம் நிறுத்தி வைக்கிறோம், அந்த நேரத்திலும் பார்ப்பீர்களா? 'உங்கள் கோரிக்கை கிடைத்தது' என்று தானாக ஒரு பதில் வந்தது. அந்த மின்னஞ்சலின் ஹெடரைத் திறந்து பார்த்தேன். மின்னஞ்சல் கடந்து வந்த வழியைச் சொல்கிற 'ரிசீவ்ட்' வரிகளில் முதலாவதில் அவர்களின் உள் மெஷின் ஒன்றின் பெயரும், 10 என்று தொடங்குகிற ஒரு முகவரியும் இருந்தன.